தலையோட்டின் சாட்சி

இறந்தோர் எலும்பைக் கொண்டு ஆணோ பெண்ணோ எனத் துணிவதற்கு இடுப்பெலும்பே சிறந்த சான்று. அது கிட்டாதவிடத்தே யாம் தலையோட்டை நாடுகின்றோம். அதன் நீளம், கன்னவளைவுகளின் இடையகலம், செவிக்குப் பின்னே தடவினால் தட்டுப்படும் எலும்புமுனையின் நீட்சி முதலியவற்றைக் காலிப்பர் கருவியால் அளந்து, ஒவ்வொன்றையும் அதற்கென வகுத்த எண்ணாற் பெருக்கிக் கூட்டுகின்றோம். தொகை எல்லையெண்ணைக் கடப்பின் ஆண், குறையின் பெண். 1963-ஆம் ஆண்டில் ஜைல்ஸ், எலியட் என்னும் இருவர் அமெரிக்கத் தலையோடுகளை அளந்து வகுத்த இத்தகைய சூத்திரங்கள் நூற்றுக்கு 82 முதல் 89 வரை சரியாயின.

எஞ்சியோர் நிலை யாது? கருவியைக் கையிலெடுக்கும்போதெல்லாம் எம்மை உறுத்துவோர் அவர்களே. அமெரிக்கருக்குரிய எல்லையெண்ணைச் சிற்றுருவினரான பிறமக்கள்மேல் ஏற்றினால் ஆடவர் பலர் பெண்டிராய்விடுவர். பெருந்தலையுடைய பெண்ணொருத்தியோ கணக்கால் ஆணாகின்றாள்; காணாமற்போன அவளைத் தேடிவருங் கணவன் ‘ஆண்’ என்றெழுதிய பெட்டியைத் திறந்தும் பாரான். எண் தசமபின்னம்வரை திருத்தமாய் நிற்கும். அத்திருத்தந்தான் எம்மை ஏய்ப்பது.

ஆதலின் தொகை எல்லையெண்ணை அடுத்து நிற்குமாயின், யாம் ஏட்டில் ‘ஐயம்’ என்றே வரைகின்றோம். விடை கேட்டு நிற்போர் முகஞ்சுளிப்பதுண்டு, சுளிக்கட்டும்.