மருப்பன்றி

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி 'லயன் கிங்' பார்த்துக்கொண்டிருந்தாள். 1994-இல் வந்த பழைய படம்தான். அதில் பும்பா என்று ஒரு பன்றி வரும். "தாத்தா, இது நம்ம தெருவுல வர்ற பன்றியா?" என்றாள். பெரும்பாக்கத்துக் காலி மனைகளில் மேய்வதைத் தினமும் பார்க்கிறவள். "ஆப்பிரிக்கக் காட்டுப்பன்றி" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

காரணம் உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் எனக்கு முன்பற்கள் துருத்திக்கொண்டிருக்கும். அகராதியில் இந்தப் பிராணியின் படத்தைப் பார்த்த ஒரு பையன் எனக்கு 'ஃபகோஷேர்' என்று பெயர் வைத்தான். பள்ளியை விட்டு வரும்வரை அதுதான் என் பெயர். இன்றைக்கும் போட்டோ எடுத்தால் வாயை மூடிக்கொள்வேன்.

அறுபது வருடம் கழித்து அன்று ராத்திரிதான் அதைப் பற்றி உட்கார்ந்து படித்தேன். பெயரை உண்டாக்கியவர் ஃபிரெடெரிக் குவியே என்ற பிரெஞ்சுக்காரர், 1826-இல். கிரேக்கத்தில் மருவுள்ள பன்றி என்று பொருள். முகத்தில் இருப்பவை மரு அல்ல, தடித்த தோல் மேடுகள். ஆணுக்குப் பெரிதாக இரண்டு ஜோடி.

பேத்தியிடம் நான் சொன்னதும் அரைகுறைதான். நம் காட்டுப்பன்றியின் குட்டிக்கு உடம்பில் கோடுகள் இருக்கும். இதன் குட்டிக்குக் கிடையாது. தாய்க்கு நான்கே காம்புகள். ஒவ்வொரு குட்டிக்கும் ஒன்று சொந்தம். கழுத்து குட்டை என்பதால் முன்னங்கால்களை மடித்து மண்டியிட்டுத்தான் புல் மேயும். நாம் முழங்கால் என்று நினைப்பது உண்மையில் அதன் மணிக்கட்டு. அந்த இடத்துத் தோல், குட்டி வயிற்றில் இருக்கும்போதே காய்த்துப்போகிறதாம். எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம்.

வீடு, ஆர்ட்வார்க் என்ற கறையான்தின்னி தோண்டிவிட்டுப் போன வளை. குட்டிகளை முதலில் உள்ளே விட்டு, பெரியது பின்பக்கமாக நுழையும். துரத்தி வந்த சிங்கம் எட்டிப் பார்த்தால் எதிரே தந்தம் இருக்கும். மேலே வளைந்திருப்பவை பெரிய தந்தங்கள். வாயைத் திறந்து மூடும்போதெல்லாம் கீழ்ப்பற்கள் அவற்றில் உரசி உரசிக் கூராகின்றன. கிழிப்பவை அந்தச் சின்னப் பற்கள். ஓடும்போது வாலைக் கொடிக்கம்பம் மாதிரி நிமிர்த்திக்கொள்ளும்.

தமிழில் இதற்கு நானே 'மருப்பன்றி' என்று வைத்துக்கொண்டேன். மருப்பு என்றால் தந்தம் என்பதும் அதில் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஓய்வு பெற்ற குமாஸ்தாவுக்கு இதைவிட வேறென்ன வேலை?

மறுநாள் பேத்தியிடம் எல்லாம் சொன்னேன். தரையில் மண்டியிட்டு மேய்ந்து காட்டினாள். பள்ளிக்கூடத்துப் பெயரை மட்டும் சொல்லவில்லை. அவளுக்கும் முன்பற்கள் என் வாகுதான். அடுத்த மாதம் கிளிப் போடுகிறார்கள்.