பத்து புள்ளி ஆறு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கிரிக்கெட் கட்டுரை இல்லை. பி.காம் மூன்றாம் வருஷம் படிக்கிற ஒருத்தன், வணிகச் சட்டப் பாடத்தை நிஜ வாழ்க்கையில் முதல்முறையாகப் பயன்படுத்தப் போய் மூக்குடைபட்ட கதை. சூதாட்டத்துக்கு ஆதரவாக எழுதியிருக்கிறான் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். கடைசிவரை படித்துவிட்டுத் திட்டுங்கள் :-)

2025 ஐபிஎல் சமயம். தூத்துக்குடி ரோச் பூங்காவில் நானும் என் நண்பனும் உட்கார்ந்திருந்தோம். அவன் பெயரை அந்தோணி என்று வைத்துக்கொள்வோம். (எங்க ஊரில் கல்லெறிந்தால் ஒரு அந்தோணி மேல்தான் விழும், கண்டுபிடிக்க முடியாது.) கையில் செல்போன், அதில் வெளிநாட்டில் இருந்து நடத்துகிற ஒரு பந்தய ஆப். பெயர் வேண்டாம்.

16 ஓவர் முடிந்து டைம்-அவுட். 24 பந்தில் 24 ரன், கையில் ஏழு விக்கெட். ஜெயிப்பது கிட்டத்தட்ட உறுதி. இப்படிப்பட்ட நேரத்தில் அந்த அணிக்கு ரேட்டு 1.06 இருக்கும். அதாவது 100 ரூபாய் கட்டினால் 106 வரும். ஆனால் திரையில் இருந்தது 10.6.

"ஏலே, இது என்னலே ரேட்டு?"

"புள்ளிய மாத்திப் போட்டுட்டாம்லே."

இதைச் சொன்னது நான்தான். அடுத்து நான் சொன்னது, "போடுலே, மாத்துறதுக்குள்ள போடு." அவன் கணக்கில் 5,000 இருந்தது. அது அவன் அம்மாவின் சீட்டுப் பணம் என்று எனக்கு அப்போது தெரியாது. நான் 3,000 அனுப்பினேன். மொத்தம் 8,000. ஜெயித்தால் 84,800.

ஜெயித்தார்கள், ஏழு பந்து மீதம் வைத்து. கணக்கில் 84,800 ஏறியது. பைக் வாங்குவதா, அவன் தங்கச்சிக்கு லேப்டாப்பா என்று பேசிக்கொண்டே பரோட்டா சாப்பிடப் போனோம். பில் வருவதற்குள் கணக்கில் 8,000 மட்டும் இருந்தது. கூடவே ஒரு செய்தி: ரேட்டில் வெளிப்படையான பிழை இருந்ததால், விதிமுறைப்படி பந்தயம் ரத்து.

மறுநாள் காலையில் அந்தோணி வீட்டு வாசலில் நிற்கிறான். "நீ பி.காம் தான? கேஸு போடலாமாலே?"

அவன் கோபத்துக்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது. அதற்கு ஒரு மாதம் முன்னால் 500 என்று போட நினைத்து, ஒரு சைபர் கூடிப்போய் 5,000 போட்டுவிட்டான். உடனே உதவி மையத்துக்கு எழுதினான். "உறுதி செய்த பந்தயத்தை ரத்து செய்ய முடியாது" என்று பதில். பணம் போனது. அவன் சைபர் கூடினால் அது பந்தயம். அவர்கள் புள்ளி மாறினால் அது பிழை.

சரி, புத்தகத்தை எடுத்தேன். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. பிரிவு 20: ஒப்பந்தத்துக்கு அடிப்படையான உண்மையில் இரண்டு பேருமே தவறாக நினைத்திருந்தால் ஒப்பந்தம் செல்லாது. பிரிவு 22: ஒரு தரப்பு மட்டும் தவறாக நினைத்திருந்தால், அந்த ஒரு காரணத்துக்காக ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. படித்ததும் எனக்கு ஒரே குஷி. தப்பு அவர்களுடையது மட்டும்தானே! நாம்தான் தெரிந்தே போட்டோமே!

எட்டு பிரிவு தள்ளி ஆப்பு இருந்தது. பிரிவு 30: பந்தய ஒப்பந்தங்கள் செல்லாது, பந்தயத்தில் ஜெயித்ததைக் கேட்டு வழக்கே போட முடியாது. (குதிரைப் பந்தயப் பரிசுக்கு மட்டும் ஒரு சின்ன விலக்கு உண்டு.) பந்தயம் செல்லாது, ஆனால் அதனாலேயே அது சட்டவிரோதம் ஆகிவிடாது என்று 1959இல் கெருலால் பாரக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த ஆறுதலும் நமக்குக் கிடையாது. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டப்படி ஆடினவனுக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. புகார் கொடுக்க ஸ்டேஷனுக்குப் போனால் எஃப்.ஐ.ஆரில் முதல் பெயர் அந்தோணி, இரண்டாவது நான். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நடத்துவதையே தடை செய்து சட்டம் போட்டுவிட்டது.

கேஸ் கிடையாது என்று ஆனபிறகும் கேள்வி என்னை விடவில்லை. சட்டம் இருக்கட்டும், நியாயம் என்ன?

வெளிநாட்டுக் கதைகளைத் தேடினேன். 1981 ஹெடிங்லி டெஸ்ட் பலருக்குத் தெரிந்திருக்கும். ஃபாலோ-ஆன் வாங்கிய இங்கிலாந்து ஜெயிக்க லாட்புரோக்ஸ் கொடுத்த ரேட்டு 500க்கு 1. எதிரணியில் ஆடிக்கொண்டிருந்த லில்லி 10 பவுண்டும் மார்ஷ் 5 பவுண்டும் கட்டினார்கள். போத்தமும் வில்லிஸும் ஆட்டத்தைத் திருப்பிவிட, இரண்டு பேருக்கும் சேர்த்து 7,500 பவுண்டு. நிறுவனம் கொடுத்தது. ஆனால் அது எழுத்துப் பிழை இல்லை, கணிப்புப் பிழை. கணிப்பு தப்பினால் கொடுத்துத்தான் ஆகவேண்டும், அதுதானே அவர்கள் தொழில்.

நம் கதைக்கு நெருக்கமானது 2018 செப்டம்பரில் அமெரிக்காவில் நடந்தது. நியூ ஜெர்சியில் ஃபேன்டூயல் நிறுவனத்தின் கணினி, ஜெயிக்கப்போகிற டென்வர் அணிக்குக் கடைசி நிமிடத்தில் 750க்கு 1 என்று காட்டியது. 110 டாலர் கட்டியவருக்கு 82,000 டாலருக்கு மேல் சீட்டு வந்தது. முதலில் கொடுக்க மறுத்தார்கள். விஷயம் பத்திரிகைக்குப் போனதும், விதிப்படி கொடுக்க வேண்டியதில்லை என்று சொல்லிக்கொண்டே கொடுத்துவிட்டார்கள்.

இங்கிலாந்தில் 2005ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 2007 முதல் பந்தயப் பணத்தை வழக்குப் போட்டே வாங்கலாம். 2018இல் ஒருவர் பெட்ஃப்ரெட் தளத்தில் பிளாக்ஜாக் ஆடி 17 லட்சம் பவுண்டுக்கு மேல் ஜெயித்தார். மென்பொருள் கோளாறு என்று மறுத்தார்கள். 2021இல் நீதிமன்றம், அந்த விலக்கு விதிகள் தெளிவாகவும் இல்லை, ஆடுபவர் கண்ணில் படும்படியும் வைக்கப்படவில்லை என்று சொல்லி, கொடுக்கச் சொல்லிவிட்டது.

அந்தோணிக்கு இதையெல்லாம் சொன்னதும் அவன் முகத்தில் வெளிச்சம். அதை அணைத்தது சிங்கப்பூர் வழக்கு.

2003 ஜனவரி. டிஜிலேண்ட்மால் என்ற இணையக் கடையில் 3,854 சிங்கப்பூர் வெள்ளி விலையுள்ள லேசர் பிரிண்டர் தவறுதலாக 66 வெள்ளி என்று ஏறிவிட்டது. ஆறு நண்பர்கள் நள்ளிரவில் அரட்டையில் ஒருவருக்கொருவர் சேதி சொல்லி 1,606 பிரிண்டர்களுக்கு ஆர்டர் போட்டார்கள். கடை மறுத்தது, வழக்கு. விசாரித்தவர் பின்னாளில் சிங்கப்பூரின் அட்டர்னி ஜெனரல் ஆன வி.கே.ராஜா. 2004இல் தீர்ப்பு: எதிராளி தவறு செய்கிறான் என்று தெரிந்தே பாய்ந்து பிடித்தவனுக்கு ஒப்பந்தம் இல்லை. 2005இல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது.

படிக்கும்போது எனக்கு உடம்பு கூசியது. நள்ளிரவில் அரட்டை அடித்த ஆறு பேருக்கும், ரோச் பூங்காவில் "மாத்துறதுக்குள்ள போடு" என்று சொன்ன எனக்கும் என்ன வித்தியாசம்?

அந்தோணியின் தாத்தாவுக்கு 85 வயது தாண்டிவிட்டது. இளவட்டமாக இருந்தபோது முத்துக் குளிக்கக் கடலில் இறங்கியவர். எங்க கடலில் கடைசியாகத் தொடர்ந்து முத்துக்குளிப்பு நடந்தது 1955இல் இருந்து 1961 வரை. அவரிடம் பேரன் பந்தயம் என்றெல்லாம் சொல்லாமல், "விலையைத் தப்பாச் சொல்லிட்டா என்ன தாத்தா பண்ணுவீங்க?" என்று சுற்றி வளைத்துக் கேட்டேன்.

அவர் ஏலத்தைப் பற்றிச் சொன்னார். கரைக்கு வந்த சிப்பியை ஆயிரம் இவ்வளவு என்று ஏலம் விடுவார்கள். ஒரு சிப்பியையும் திறந்து பார்க்காமல் வாங்கவேண்டும். அழுகவைத்து, கழுவி, அலசிப் பார்த்தால்தான் முத்து இருக்கா இல்லையா தெரியும்.

"உள்ள ஒண்ணும் இல்லன்னு எவனும் திருப்பிக் கொண்டாரல பேராண்டி. நெறைய இருந்துச்சின்னு நாங்களும் திருப்பிக் கேக்கல. விக்கவனுக்கும் தெரியாது, வாங்கவனுக்கும் தெரியாது. அதான் ஏலம்."

எனக்குப் புத்தகத்தில் கிடைக்காத விடை இதில் கிடைத்தது. சிப்பி ஏலத்தில் இரண்டு பக்கமும் ஒரே அளவு இருட்டு. அதனால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. 10.6 என்ற ரேட்டில் எங்கள் பக்கம் மட்டும் வெளிச்சம் இருந்தது. அதனால் அந்த 84,800 எங்கள் பணம் என்று என்னால் இப்போது சொல்ல முடியாது.

ஆனால் அந்த ஆப்பையும் விடமாட்டேன். மூன்று கேள்விகள். பிழை என்றால் ஆட்டம் நடக்கும்போதே ஏன் ரத்து செய்யவில்லை? நாங்கள் தோற்றிருந்தால் "பிழையான ரேட்டு, இந்தாங்க உங்க 8,000" என்று திருப்பிக் கொடுத்திருப்பார்களா? சரியான ரேட்டு 1.06 என்றால், அந்தக் கணக்குப்படி வரவேண்டிய 8,480 எங்கே? முடிவு தெரிந்தபிறகு ரத்து செய்யும் உரிமை ஒருவனுக்கு மட்டும் இருந்தால், அவன் ஏலத்தில் இல்லை. சிப்பியைத் திறந்து பார்த்துவிட்டு விலை சொல்கிறான். 2024இல் நியூ ஜெர்சி ஒழுங்குமுறைத் துறை, ஜெயித்தவர்களின் ரேட்டைப் பின்னால் மாற்றிக் குறைத்துக் கொடுத்த பெட்365 நிறுவனத்தை 5 லட்சம் டாலருக்கு மேல் திருப்பித் தரச் சொன்னது. அங்கே கேட்க ஆள் இருக்கிறது. தடை செய்யப்பட்ட ஆட்டத்தில் அப்படிக் கேட்க யாரும் கிடையாது. இதைத்தான் நாங்கள் யோசிக்கவே இல்லை.

இவ்வளவையும் அந்தோணியிடம் பெரிய வக்கீல் மாதிரி விளக்கிவிட்டு, கடைசியாகக் கேட்டேன். "சரி, அந்த 8,000ஐ எடுத்துட்டியா?"

அவன் கடலைப் பார்த்தான்.

எடுக்கவில்லை. ரத்து செய்த கோபத்தில், விட்டதைப் பிடிக்கிறேன் என்று அதே ஆப்பில், எந்தப் பிழையும் இல்லாத ரேட்டில், ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் விட்டிருக்கிறான். அதில் ஒரு பந்தயத்தைக்கூட யாரும் ரத்து செய்யவில்லை.

இப்போது திரேஸ்புரத்தில் மீன் ஏலம் எடுக்கும் ஒருவரிடம் காலையில் கணக்கு எழுதப் போகிறான். சீட்டுப் பணத்தை நாலு மாதத்தில் அடைத்துவிட்டான். என் 3,000ஐயும் தருகிறேன் என்கிறான். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். "போடுலே" என்று சொன்னது நான்தானே.