பட்டாளத்துத் தாத்தாவின் நம்பர்

பாலாற்றங்கரையில் இருக்கும் நம் வாலாஜாபாத், ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர். கும்பினிப் பட்டாளம் முகாமிட்டிருந்த இடம். அந்நாளில் இங்கே இறந்த வெள்ளைக்காரச் சிப்பாயின் வாரிசுகள், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள சென்னை மாகாணத் தேவாலயப் பதிவேடுகளில் அவன் அடக்கமான தேதியைத் தேடிப் பார்க்கலாம். அதே பட்டாளத்தில் துப்பாக்கி தூக்கிய நம்மூர்ச் சிப்பாயின் வாரிசுக்கு அப்படியொரு ஏடு வாய்ப்பது அரிது. இது என் நெடுநாள் ஆற்றாமை.

இரண்டாம் உலகப்போருக்குப் போனவர்கள் கதையும் ஏறக்குறைய இதுதான். போர் முடிந்து படையைக் குறைத்தபோது மிகப் பலர் பென்ஷன் இல்லாமலே வீடு திரும்பினார்கள். பென்ஷன் இல்லாதவரின் ஆவணங்களை 25 ஆண்டு வைத்திருந்து அழிப்பது ராணுவ விதி. ஆகவே, உங்கள் தாத்தாவின் விவரம் கேட்டு ராணுவத்துக்கு எழுதினால், ‘அழிக்கப்பட்டுவிட்டது’ என்று பதில் வரக்கூடும். அதோடு விட்டுவிடாதீர்கள், பிள்ளைகளே.

முதலில் பரண்மேல் இருக்கும் டிரங்குப் பெட்டியைத் திறங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. மெடல் இருந்தால் விளிம்பைப் பாருங்கள். பெரும்பாலும் அவருடைய பட்டாள நம்பர், பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். பளபளப்பாக்குகிறேன் என்று தேய்த்துவிட வேண்டாம். முருகேசன் என்ற பெயரில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அதையும் குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதியிருப்பார். ஆளை அடையாளம் காட்டுவது நம்பர்தான்.

மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டனுக்கும், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூருக்கும், அங்குள்ள ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதுங்கள். நம்பர், ரேங்க், சொந்த ஊர், தாலுகா, உங்களுக்கு அவர் என்ன உறவு எல்லாம் கடிதத்தில் இருக்கட்டும். போரில் மாண்டவரானால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலை இலவசமாகவே பார்க்கலாம். பர்மாவில் உள்ள ரங்கூன் நினைவகத்தில் மட்டும் ஏறத்தாழ 27,000 பெயர்கள் இருக்கின்றன.

பலருக்கும் தோன்றாத ஒரு வழி உண்டு. பென்ஷன் இல்லாத உலகப்போர் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் தமிழக அரசு மாத உதவித்தொகை கொடுத்துவருகிறது. உங்கள் பாட்டி அதை வாங்கியவர் என்றால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்திருப்பார். ரெஜிமென்டில் அழிந்த விவரம் அந்தக் கோப்பில் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

முதல் உலகப்போருக்குப் போன பஞ்சாபியர் மூன்று லட்சம் பேரின் விவரம், லாகூர் அருங்காட்சியகத்து ஏடுகளிலிருந்து 2021இல் இணையத்தில் ஏறத் தொடங்கியது. நம் ஊர்க்காரர்களுக்கும் அப்படியொன்று வேண்டும். அது வரும்வரை, வீட்டில் விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.