சூரைச்செடி நிழலில்

துன்பம் எல்லோருக்கும் வருவதுதான். ஆயினும் பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து படிக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு வரும் துன்பத்தில் ஒரு தனிக் கொடுமை உண்டு. ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் தெருவே அந்த வீட்டுத் திண்ணையில் வந்து அமர்கிறது. ஒருவர் கட்டிக்கொண்டு அழுவார். ஒருவர் காப்பி கொண்டுவருவார். இறந்தவரின் பழங்கதைகளை வேறொருவர் எடுத்துச் சொல்வார். துக்கம் அங்கே பத்துத் தோள்களில் ஏறி நடக்கிறது. இங்கேயோ ஒற்றைத் தோளில் உட்கார்ந்துகொள்கிறது.

என் தந்தையார் மறைந்தது இரண்டாம் ஆண்டுப் படிப்பின் நடுவில். நல்லடக்கமும் வீட்டு ஜெபங்களும் முடிந்தபின், நெல்லையிலிருந்து இரண்டு இரவுகள் ரயிலில் கழித்துத் தில்லிக்குத் திரும்பினேன். வகுப்புகள் நடந்தன, நானும் போனேன். ஆனால் உறக்கம் வரவில்லை. வந்தாலும் விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். காரணமின்றி நெஞ்சு படபடக்கும். தொலைபேசி ஒலித்தால், இன்னொரு கெட்ட செய்தியோ என்று கை நடுங்கும். உணவுக்கூடத்தில் தட்டேந்தி வரிசையில் நிற்பேன். சோறு தொண்டையில் இறங்காது. சிறுவயது முதல் பழகிய ஜெபமும் வாயில் வர மறுத்தது. எல்லாவற்றையும்விட என்னை அச்சுறுத்தியது அதுதான்.

"விசுவாசிக்கு மனச்சோர்வு வரலாமா? இன்னும் ஊக்கமாக ஜெபம் பண்ணு" என்றார் ஒரு பெரியவர். அன்போடுதான் சொன்னார். ஆனால் அச்சொல் இருந்த சுமையின்மேல் இன்னொரு சுமையை ஏற்றியது. துயரம் ஒன்று, துயரப்படுவதே பாவமோ என்னும் அச்சம் மற்றொன்று. இன்னொரு பக்கம் என் வகுப்புத் தோழன், "இது மருத்துவர் பார்க்க வேண்டிய காரியம். இதில் கடவுளை ஏன் இழுக்கிறாய்?" என்றான். இருவரும் எதிரெதிராகப் பேசுவது போலத் தோன்றினாலும் ஒரே கருத்தைத்தான் சொன்னார்கள்: இரண்டில் ஒன்றைத்தான் பிடித்துக்கொள்ளலாம் என்று.

எனக்கு வழி காட்டியவர் எங்கள் தமிழ்ச் சபையின் ஐயர். (நெல்லைச் சீமையில் கிறிஸ்தவர்கள் போதகரை 'ஐயர்' என்றே அழைப்பது வழக்கம்.) அவர் எனக்கு உபதேசம் எதுவும் செய்யவில்லை. "தம்பி, இராஜாக்களின் முதலாம் புத்தகத்தில் பத்தொன்பதாம் அதிகாரத்தை ஒருமுறை வாசித்துப் பாரும்" என்றார்.

அது எலியா தீர்க்கதரிசியின் கதை. கர்மேல் மலையில் பெருவெற்றி கண்டவன் அவன். மறுநாளே அரசி யேசபேலின் மிரட்டலுக்கு அஞ்சி வனாந்தரத்துக்கு ஓடுகிறான். ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கடவுளிடமே மன்றாடுகிறான். விசுவாசம் இல்லாதவனா அவன்? பழைய ஏற்பாட்டின் மாபெரும் விசுவாச வீரன் அன்றோ!

கடவுள் செய்தது என்ன? கடிந்துகொள்ளவில்லை. முதலில் அவனைத் தூங்க விட்டார். தூதன் வந்து எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா உண்டு மீண்டும் படுத்துக்கொண்டான். தூதன் இரண்டாம் முறையும் எழுப்பி உண்ணச் செய்தான். அந்தப் பலத்தினால் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலையை அடைந்தான். அங்கேதான் அவனிடம் கேள்வி பிறக்கிறது: இங்கே உனக்கு என்ன வேலை? எலியா தன் மனக்குறையைக் கொட்டுகிறான். மறுபடியும் அதே கேள்வி. மறுபடியும் அதே புலம்பல். சொன்னதையே சொல்கிறாயே என்று கடவுள் அலுத்துக்கொள்ளவில்லை. இறுதியில் அவனுக்கு ஒரு பணியும், எலிசா என்னும் துணையும் கிடைக்கின்றன. உறக்கம், உணவு, கேள்வி, செவிசாய்ப்பு, துணை – இதுவே அந்த வரிசை.

அடுத்த வாரம் பல்கலைக்கழக மனநல ஆலோசகரிடம் சென்றேன். அந்த அம்மையார் முதலில் கேட்டவை என்ன தெரியுமா? எத்தனை மணி நேரம் உறங்குகிறாய், என்ன சாப்பிடுகிறாய் என்பவைதான்! வேதத்தில் வாசித்த அதே வரிசை. பிறகு அப்பாவைப் பற்றிச் சொல்லச் சொன்னார். ஆங்கிலத்தில் தொடங்கினேன், வரவில்லை. "உன் மொழியிலேயே சொல். எனக்குப் புரியாவிட்டாலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றார். "அப்பா" என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான், ஊரில் அழாத அழுகையெல்லாம் வந்தது. நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுவது, ஒரு வேளையாவது நண்பர்களோடு உண்பது, கவலைகளைத் தாளில் எழுதி அவற்றுக்கென மாலையில் அரைமணி நேரம் ஒதுக்குவது, நெஞ்சு படபடத்தால் மூச்சை மெல்ல இழுத்து அதைவிட மெல்ல விடுவது எனச் சிறுசிறு பயிற்சிகள் தந்தார். தேவையானால் மருத்துவரிடம் மருந்தும் பெறலாம். அதில் வெட்கம் இல்லை என்றும் சொன்னார்.

ஜெபமும் வேறு வகையில் திரும்பி வந்தது. நூற்றைம்பது சங்கீதங்களில் எத்தனையோ முறையீடுகளாக இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். 88ஆம் சங்கீதம் ஆறுதல் ஏதுமின்றி இருளிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்களே! புலம்பல் என்றே ஒரு புத்தகம் இருக்கிறது. லாசருவை எழுப்பப்போவதை அறிந்தும் அவன் கல்லறையருகே இயேசு கண்ணீர் விட்டார். அழுகை விசுவாசத்துக்குப் பகை என்றால் இவையெல்லாம் எதற்கு? சொல் வராத நாட்களில் அந்தச் சங்கீதங்களையே என் ஜெபமாக வாசித்தேன்.

விசுவாசமும் ஆலோசனையும் பகைவர் அல்லர் என்பதற்கு வரலாற்றிலும் சான்று உண்டு. 1953இல் லண்டனில் சாட் வாரா என்னும் ஆங்கிலிக்கன் குருவானவர், உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுவோர் தொலைபேசியில் பேசுவதற்கு வழி செய்தார். அதுவே 'சமாரிட்டன்ஸ்' அமைப்பாக வளர்ந்தது. நேரில் வந்தவர்கள் அவரைக் காணக் காத்திருக்கையில் தொண்டர்கள் தேநீர் கொடுத்துப் பேச்சுக் கேட்டார்கள். பலருக்கு அதுவே போதுமானதாக இருந்ததை அவர் கண்டார். சென்னையில் 1986இல் தோன்றிய 'சிநேகா'வும் செவிசாய்க்கும் தொண்டையே செய்கிறது. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறும் உரிமையோடு, அதுபற்றிய செய்தி இரகசியமாகக் காக்கப்படும் உரிமையையும் தருகிறது. 2022இல் தொடங்கிய அரசின் 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

என் துயரம் முற்றும் தீர்ந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. அப்பாவின் நினைவு நாள் நெருங்கினால் இன்றும் உறக்கம் கெடுகிறது. ஆனால் இப்போது அது என்னவென்று எனக்குத் தெரிகிறது. யாரிடம் போவது என்றும் தெரிகிறது.

நண்பர்களே, நீங்கள் எந்தச் சமயத்தவராயினும் சரி, எச்சமயமும் வேண்டாதவராயினும் சரி, ஒன்று செய்யுங்கள். உங்கள் விடுதியில் ஓர் அறைக் கதவு இரண்டு நாட்களாகத் திறவாமல் இருந்தால் தட்டுங்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அவனோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். வாய் திறந்து காரணம் கற்பிக்கத் தொடங்கிய பிறகே அவனைப் புண்படுத்தினார்கள். ஆகையால் அறிவுரை வேண்டாம். இரண்டு தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போங்கள். அவன் சொன்னதையே இரண்டாம் முறை சொன்னாலும் கேளுங்கள். பிறகு ஆலோசகரின் அறை வரைக்கும் அவனோடு கூட நடந்து போங்கள்.