பசவனகுடியில் மல்லாட்டை

2025 நவம்பர் 17, திங்கட்கிழமை சாயங்காலம். பெங்களூர் பசவனகுடியின் புல் டெம்பிள் ரோட்டில் ஆள் நடக்கவே இடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டியிருக்கிறது. இரு பக்கமும் தார்ப்பாய் விரித்துக் குவியல் குவியலாக வேர்க்கடலை: பச்சை, வறுத்தது, அவித்தது. கடலேகாய்ப் பரிஷே, நம் வாயில் கடலைத் திருவிழா.

சுங்கேனஹள்ளி, குட்டஹள்ளி, மாவள்ளி, தாசரஹள்ளி எல்லாம் ஒருகாலத்தில் கடலைக்காடு. ராத்திரியில் வந்து பயிரை மேய்ந்த காளையைச் சாந்தப்படுத்த, முதல் விளைச்சலைப் பசவன் என்கிற காளைச் சாமியின் சந்நிதியில் கொண்டுவந்து கொட்டினார்கள் என்று கதை. இப்போது அந்த ஊர்களில் விளைவது வீட்டு வாடகைதான். கடலை கோலார், சிந்தாமணியிலிருந்தும், ஆந்திராவிலிருந்தும், நம் பக்கத்திலிருந்தும் வருகிறது.

ஒரு மின்கம்பத்தை ஒட்டி நிற்கிறேன். எதிரே கிருஷ்ணகிரிப் பக்கத்துப் புருஷனும் பெண்டாட்டியும் போட்ட கடை. வியாபாரம் முழுக்க அந்த அம்மா கையில்; வீட்டுக்காரர் மூட்டை அவிழ்ப்பதோடு சரி.

தலையில் பூ வைத்த உள்ளூர்ப் பாட்டி ஒருவர் ஒரு காயை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, "சேரு எஷ்டம்மா?" என்கிறார். பேரம் கன்னடத்தில் நடக்கிறது. மீதிச் சில்லறைக் கணக்கு மட்டும் கடைக்கார அம்மாவின் வாய்க்குள் தமிழில் ஓடுகிறது. அளக்கிற அழகைப் பார்க்க வேண்டும். சேரின் விளிம்பில் இடது கையை அணையாகக் கொடுத்து, அதற்கு மேல் கோபுரமாகக் குவித்து, பையில் சாய்ப்பதற்கு ஒரு கணம் முன்னால் கையை எடுக்கிறார். கோபுரத்தில் பாதி குவியலுக்கே திரும்பிவிடுகிறது. பாட்டியும் சளைத்தவரில்லை. சரிந்ததை அள்ளித் தன் பையில் போட்டுக்கொண்டு நடக்கிறார்.

"ஹசி கடலேகாய், ஹுரித கடலேகாய்!" என்று பக்கத்துக் கடைப் பையன் கூவுகிறான். மகளோடு வந்த திருநெல்வேலி அம்மா ஒருவர் நிற்கிறார். "உரிச்சதுன்னுல்லா சொல்லுதான்? தோலோடல்லா கெடக்கு?" மகள் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கிருஷ்ணகிரி அம்மாதான் பதில் சொல்கிறார்: "உரிச்சதில்ல பெரிம்மா, வறுத்தது. இந்த ஊர்ல அப்டித்தான் கூவணும்." அடுத்தவன் கடைச் சரக்குக்கு இவர் உரை சொன்னதில் ஒரு வாடிக்கை இவர் பக்கம் வந்துவிட்டது.

கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க ஒரு ஜோடி. அவன் அதுவரை போனில் யாரிடமோ ஆங்கிலத்தில் மீட்டிங் பேசிக்கொண்டிருந்தான். குவியலைப் பார்த்ததும் போனைத் தாழ்த்தி, மனைவியிடம், "ஏய், மல்லாட்டை!" என்றான். கடைக்கார அம்மா நிமிரவேயில்லை.

"விழுப்புரமா, திண்டிவனமா தம்பி?"

"திண்டிவனம்க்கா. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நாங்க கடலக்காம்போம். அந்தப் பேரு உங்க பக்கந்தான்."

தென்னமெரிக்காவில் பிறந்த பருப்பு இது. கப்பலில் வந்தது. மணிலாக்கொட்டை என்று பெயர் வைத்து, தேய்த்துத் தேய்த்து மல்லாட்டை ஆக்கியது தென்னாற்காட்டு வாய். கெம்பே கௌடர் கட்டியதாகச் சொல்லும் கோயிலின் கதைக்குள் இந்த அயலூர்க் கொட்டை எப்படி நுழைந்தது என்று காளையைத்தான் கேட்க வேண்டும்.

இதற்குள் ஒரு பெரியவர் பேத்தியோடு வந்துவிட்டார். "இன்னாம்மா, பாதி மண்ணா கீது?" வேலூர், ஆற்காடு என்று நினைத்தால் தப்பு. பிறந்து வளர்ந்தது இதே ஊர் அல்சூரில் என்று அவரே சொல்கிறார். 1809-ல் வெள்ளைக்காரன் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பட்டாளத்தை இங்கே மாற்றி கன்டோன்மென்ட் போட்டபோது, பின்னாலேயே சிப்பாய்களும் கூலிகளும் வியாபாரிகளுமாக வடாற்காட்டு ஜனங்கள் வந்திறங்கினார்கள். இருநூறு வருஷம் கன்னடத்துக்கு நடுவில் இருந்தும் அந்த 'கீது' அசையவில்லை.

பேத்தி போனில்: "மச்சா, பரிஷேல இருக்கேன். சக்கத்தா இருக்கு, பா."

பெரியவர் திரும்பினார். "யாருடீ மச்சான்?"

"காலேஜ் ஃப்ரெண்டு தாத்தா. பொண்ணுதான்."

முறையும் போய், ஆண் பெண் வித்தியாசமும் போய், 'ன்'னையும் தொலைத்துவிட்டு இந்த ஊரில் மச்சா என்று சுற்றுகிறது அந்தச் சொல். கன்னடப் பிள்ளைகளும் அதைத்தான் சொல்கிறார்கள். பெரியவர் முகத்தில் சமாதானம் தெரியவில்லை.

"விளைச்சல் எப்டிம்மா?" என்றார் கடைக்கார அம்மாவிடம்.

"ரெண்டு ஏக்கரா கடலை போட்டோம்ங்க. பாதி காட்டுப் பன்னி தின்னுட்டுப் போச்சு."

காளை போய்ப் பன்றி வந்திருக்கிறது. அதற்கு யாரும் கோயில் கட்டக் காணோம். ஆனால் திண்டிவனத்து ஜோடி சிரித்தது வேறு விஷயத்துக்கு. "ரெண்டு ஏக்கரா கடலை போட்டாங்களாம்" என்று அவள் அவன் தோளில் இடித்தாள். பேத்திக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னக்கா ஜோக்?"

"அது… எங்க காலேஜ்ல, பசங்க பொண்ணுங்ககிட்ட சும்மா பேசிட்டே இருப்பாங்கல்ல, அதுக்குப் பேரு கடலை."

"ஓ. அதுக்கு எதுக்கு கடலை?"

அவனிடமும் விடை இல்லை, அவளிடமும் இல்லை. கல்லூரிக் கொச்சைக்கு ஆயுசு கம்மி; பத்துப் பதினைந்து வருஷத்தில் பொழிப்புரை கேட்க ஆரம்பித்துவிடுகிறது. பெரியவருக்கும் கடைக்கார அம்மாவுக்கும் கடலை போடுவது என்றால் நிலத்தில் விதைப்பதுதான். மல்லாட்டை மட்டும் தாத்தா வாயிலிருந்து பேரன் வாய்க்கு அலுங்காமல் வந்து சேர்ந்திருக்கிறது.

நானும் ஒரு சேர் வாங்கினேன். விரலைக் காட்டி வாங்கினேன். வாயைத் திறந்திருந்தால் என் ஊரையும் சொல்லியிருப்பார்.

வர நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். பரிஷே கார்த்திகை மாசத்துக் கடைசித் திங்கள். அது கன்னடக் கார்த்திகை. தீபாவளி அமாவாசைக்கு மறுநாளே பிறந்துவிடும். 2025-ல் இங்கே கார்த்திகை முடிகிற வாரத்தில்தான் நம் காலண்டரில் கார்த்திகை பிறந்தது. தமிழ்க் காலண்டரைப் பார்த்துக் கடைசித் திங்களுக்குக் கிளம்பினால் ரோட்டில் தொலியைக்கூடக் கூட்டி அள்ளியிருப்பார்கள்.