டான்ஸ்போர்க் கோட்டையில் ஒரு தாத்தா

காரைக்காலில் ஏறிய பேருந்து நண்டலாற்றைத் தாண்டியதும் புதுச்சேரி எல்லை முடிகிறது. கொஞ்ச நேரத்தில் தரங்கம்பாடி. கடலைப் பார்த்து நிற்கும் டான்ஸ்போர்க் கோட்டைக்குள் தமிழகத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம்.

"கிளிஞ்சல்மேட்டுலேருந்து வர்றோம்" என்று வாசலில் சொல்கிறார் ஒரு பெரியவர். கைலி, வெள்ளைச் சட்டை. கூடவே மகளும் பேரனும்.

மகள் சீனத்துத் தேயிலை ஜாடிகள் முன்னே நின்றுவிடுகிறாள். பையன் வாளுக்கும் ஈட்டிக்கும் ஓடுகிறான். பெரியவர் எதிலும் நிற்கவில்லை. திமிங்கல எலும்பின் முன்னேதான் கால் நிற்கிறது. குனிகிறார். தொடாமல், காற்றிலேயே சாண் போட்டு அளக்கிறார்.

"நீ பாத்திருக்கியா தாத்தா?"

"வாடை அடிக்கிறப்ப வடக்கேருந்து ஒண்ணு ஒதுங்குச்சு. நம்ம ஃபைபர் போட்டைவிட நீளம். நாத்தம் தாங்காம மணல்ல பள்ளம் வெட்டிப் பொதச்சோம்."

போனில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு தம்பதி கையை இறக்கிவிட்டுக் கேட்கிறார்கள். இந்தப் பேச்சையும் யாராவது எழுதி அந்த எலும்பின் பக்கத்திலேயே மாட்டிவைக்க வேண்டும்.

இந்தக் கோட்டையைக் கட்டிய டேனிஷ்காரர் வந்ததற்கு எழுத்து இருக்கிறது. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கர், டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்குத் தங்க ஓலையில் அனுப்பிய கடிதத்தைக் கோபன்ஹேகனில் காத்துவருகிறார்கள். 1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்ற கணக்கும் இருக்கிறது. இடையில் 225 வருஷம். துறைமுகம் இல்லாத கரை இது. கப்பல் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்க, அலையைத் தாண்டிச் சரக்கைக் கரை சேர்த்தவை உள்ளூர்ச் சலங்குப் படகுகள். அவற்றைத் தள்ளியவர்களின் பெயரைத் தேடி இங்கே ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தாயிற்று. வாளுக்கு இடம் இருக்கிறது, துடுப்புக்கு இல்லை. அது மனசை உறுத்துகிறது.

மூவரும் வெளியே மதிலோரம் வந்துவிட்டார்கள். இடப்பக்கம், கடல் அரித்த கரையில் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. மகள் அதைப் பார்த்துக் கும்பிடுகிறாள். பையனுக்குக் கப்பல் ஞாபகம்தான்.

"கப்பல் எங்க தாத்தா நிக்கும்?"

"அலை உடையுதுல்ல, அதுக்கு அந்தாண்ட. இந்தாண்ட வந்தா தரை தட்டிரும்."

"அப்ப சாமானெல்லாம்?"

"நம்மாளுங்க போய் ஏத்திக்கிட்டு வருவாங்க. பெரிய அலை வரிசையா வரும், அதெல்லாம் போகட்டும்னு நிப்பாங்க. சின்னதா ஒண்ணு வரும் பாரு, அதுல தள்ளிடணும்."

பையன் மதிலைப் பிடித்துக்கொண்டு அலைகளை எண்ணத் தொடங்குகிறான்.