கல்லைப் பார்த்துப் பேசு கண்ணா!

நம்ம ஊரில் ஒருத்தர் கையில் மைக் போய்விட்டால் திரும்ப வாங்குவதுதான் கஷ்டம். ஆனால், நம்ம வீட்டுப் பிள்ளையை அதே மைக் முன்னால் நிறுத்திப் பாருங்கள்... உள்ளங்கை வியர்க்கும், தொண்டை வறளும், "அவையோர்களே" என்பதற்கு அப்புறம் ஒரே நிசப்தம்!

பல்லாவரத்தில் இருக்கும் என் அக்கா பையனுக்கு இதுதான் நடந்தது. பத்தாம் கிளாஸ். பேச்சுப் போட்டிக்கு மச்சான் எழுதிக் கொடுத்த நாலு பக்கத்தை நெட்டுருப் போட்டுக்கொண்டு போனான். மூன்றாவது வரியிலேயே மறந்துவிட்டது. பசங்க சிரித்துவிட்டார்கள். 'மியூட்' என்று பட்டப்பெயர் வேறு! அப்புறம் திங்கட்கிழமை அசெம்பிளி என்றாலே வயிற்றுவலி. "ஸ்கூலை மாத்திடலாமா?" என்று மச்சான் கேட்கிற அளவுக்குப் போய்விட்டது.

ஆபீஸ் மீட்டிங்கில் கடைசி நாற்காலி தேடுகிற ரகம் நான். நான் என்ன யோசனை சொல்வது? படித்த ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. நியூயார்க் நவீனக் கலை மியூசியத்தில் கல்விப் பிரிவை 1993 வரை கவனித்துக்கொண்டவர் ஃபிலிப் யெனவைன். அவரும் உளவியலாளர் அபிகெயில் ஹவுசனும் ஒரு முறை கண்டுபிடித்தார்கள். பிள்ளைகளை ஒரு படத்தின் முன்னால் நிறுத்தி மூன்றே கேள்வி. இதில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? அவ்வளவுதான்.

நியூயார்க்குக்கு டிக்கெட் போட நம்ம பி.எஃப். பணம் போதாது. எழும்பூர் மியூசியம் இருக்கிறதே! 1851-ல் ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை லீவு, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். நம்மைப் போன்ற ஆபீஸ்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்?

முதல் ஞாயிறு, திமிங்கில எலும்புக்கூடு. "என்னடா தெரியுது?" "பெரிசா இருக்கு மாமா." அதோடு சரி. டீ குடித்துவிட்டுத் திரும்பினோம்.

இரண்டாவது ஞாயிறு, திருவாலங்காடு நடராஜர். ரொம்ப நேரம் பார்த்தான். "மாமா, மத்த நடராஜருக்கெல்லாம் சுத்தி நெருப்பு வளையம் இருக்குமே, இவருக்கு இல்லையே?" "எப்படிடா கண்டுபிடிச்சே?" அவ்வளவுதான்... உடுக்கை, தீ, தூக்கிய இடது கால், மிதிபடும் முயலகன் என்று அஞ்சு நிமிஷம் அவன்தான் பேசினான்! சென்னை நடராஜர் சிலைகளின் போட்டோக்களை மட்டும் பார்த்தே பிரான்ஸ் சிற்பி ரோடின் ஒரு கட்டுரை எழுதினார், 1921-ல் அச்சானது. நம்ம பையனுக்கு நிஜச் சிலையே எதிரில்!

மூன்றாவது ஞாயிறு, கற்காலக் கருவிகள். ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்கார மண்ணியல் நிபுணர் 1863-ல் ஒரு கல் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சியே அதில்தான் தொடங்கியது. எங்கே எடுத்தார் தெரியுமா? பல்லாவரத்தில்! "நம்ம பல்லாவரமா?" என்று கத்தியே விட்டான். பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. "என்ன தம்பி அது?" என்றார் அந்தப் பெரியவர். நான் மெதுவாக நகர்ந்து தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். பையன் சொல்ல ஆரம்பித்தான். இரண்டு இடத்தில் திக்கினான். யாரும் கவனிக்கவில்லை. எல்லோர் கண்ணும் கல் மேல்!

எனக்கு விஷயம் புரிந்தது அங்கேதான். மேடையில் நாம் பயப்படுவது வார்த்தைக்கு இல்லை சார், அத்தனை ஜோடிக் கண்ணுக்கு! நடுவில் ஒரு பொருளை வைத்துவிட்டால் கண்ணெல்லாம் அதன்மேல் போய்விடுகிறது. மனப்பாடம் செய்தது மறக்கும். எதிரில் இருப்பது எப்படி மறக்கும்?

அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை, தெருவில் கிடந்த கல்லை டவுசர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அசெம்பிளிக்குப் போனான். "இது அந்தக் கல் இல்லை. ஆனா அந்தக் கல் நம்ம ஊர்லதான் கிடைச்சுது" என்று தொடங்கி மூன்று நிமிஷம் பேசினானாம். பரிசெல்லாம் இல்லை. பட்டப்பெயர் மட்டும் மாறிவிட்டது. இப்போது 'கல்லு'!

"பரவாயில்லை மாமா, கல்லுன்னா பேசலாம்" என்கிறான்.

வர்ற புதன்கிழமை எனக்கு ஆபீஸில் பிரசென்டேஷன். என்ன பொருளை எடுத்துக்கொண்டு போகலாம் என்று அவனிடம்தான் கேட்டிருக்கிறேன்.